சராசரி ஏழரைத் துளி

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

என் மனைவிக்கு அண்ணனும், எங்கள் வீட்டுச் சண்டைகளுக்கு மேல்முறையீட்டு நீதிமன்றமுமான தங்களுக்கு வணக்கம். இங்கு நானும் உங்கள் தங்கையும் நலம். என் ரத்த அழுத்தம் மட்டும் நலமில்லை. அங்கு அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், ஓய்வு பெற்ற பிறகும் அளவுச் சங்கிலியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரின் வேலியை அளக்கப் போகும் வழக்கத்தை நீங்கள் விட்டிருப்பீர்கள் என்றும் நம்புகிறேன். மரியாதைகள் முடிந்தன. இனி வருவது கோபம்.

இந்தக் காலத்தில் காகிதத்தில் கடிதமா என்று கேட்பீர்கள். போனில் அனுப்பினால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். என் மூல நோய்க்கு மருந்து கேட்டு உங்களுக்கு மட்டும் அனுப்பியதைக் குடும்பக் குழுவில் தட்டிவிட்டு, நாற்பத்தொரு பேர் எனக்கு ஆறுதல் சொன்ன கதையை நான் இன்னும் மறக்கவில்லை. காகிதத்தை அப்படித் தட்டிவிட முடியாது. அதனால்தான் இது.

விஷயம் இதுதான். நாளை வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் நான் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால், எங்கள் கம்பெனி எழுதிய மருந்து அளவு சாஃப்ட்வேர் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் ஓட ஆரம்பிக்கும். போடாவிட்டால் என் வேலை போகும். நான் போடப் போவதில்லை. ராஜினாமாக் கடிதத்தை எழுதி, சட்டை அலமாரியில் மூன்றாவது சட்டைக்கு அடியில் வைத்திருக்கிறேன். இதை உங்கள் தங்கையிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லும் வேலை உங்களுடையது. நான் சொன்னால் அவள் என்னைத் திட்டுவாள், நீங்கள் சொன்னால் விதியைத் திட்டுவாள்.

எதற்காக இந்த முடிவு என்று கேட்பீர்கள். சொல்கிறேன், உட்கார்ந்து படியுங்கள். அந்த சாஃப்ட்வேர் ஏழு மாட்யூல்களாகப் பிரிக்கப்பட்டது. நோயாளியின் எடையைப் பதிவது ஒன்று, மருந்துக் கணக்குப் போடுவது ஒன்று, பாட்டிலில் ஒட்டும் சீட்டை அச்சடிப்பது ஒன்று, இப்படி. பொதுவான ஒன்றைத் தவிர, ஆறுக்கும் ஆறு குழு. ஒரு குழு இன்னொரு குழுவுடன் பேசாது, சாப்பாட்டு மேஜையில்கூட. ஒவ்வொரு குழுவும் தான் எழுதியதைச் சோதிக்க டெஸ்ட் எழுதி வைத்திருக்கும். அந்த டெஸ்டுகள் ஓடும்போது புரோகிராமின் எத்தனை வரிகளைத் தொட்டன என்று ஒரு கருவி எண்ணிச் சொல்லும். அதற்குப் பெயர் கவரேஜ். வீடு பெருக்குகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். துடைப்பம் தரையில் எவ்வளவு இடத்தைத் தொட்டது என்பதுதான் கணக்கு. தொட்டதெல்லாம் சுத்தம் என்று அர்த்தமில்லை, ஆனால் தொடாத இடம் நிச்சயமாகக் குப்பை. இதைத்தான் இருபத்தைந்து வருஷமாகச் சோதனை வேலை பார்க்கும் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், செவிடன் காதில் சங்கு ஊதுகிற மாதிரி.

மருத்துவமனை எங்களிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டது. தனித்தனியாக வேண்டாம், ஏழும் சேர்ந்த மொத்தக் கவரேஜ் எண்பத்தைந்து சதவீதத்துக்குக் குறையக் கூடாது. நியாயமான கோரிக்கை. அதைக் கேட்டதும் எங்கள் மேலாளர் என்ன செய்தார் தெரியுமா? அவரை நாங்கள் 'சராசரி' என்றுதான் அழைக்கிறோம். காரணம், அவர் கண்ணில் இரண்டு எண்கள் பட்டால் போதும், கூட்டி இரண்டால் வகுத்துவிட்டுத்தான் மூச்சு விடுவார். ஏழு மாட்யூல்களில் ஆறுக்குத்தான் ரிப்போர்ட் இருந்தது. ஏழாவது, எல்லோரும் பயன்படுத்துகிற 'பொது' என்ற மாட்யூல். பொதுச் சொத்து ஆயிற்றே, அதற்கு யாருமே டெஸ்ட் எழுதவில்லை. இவர் ஆறு ரிப்போர்ட்டையும் கூட்டி ஆறால் வகுத்து, எண்பத்தெட்டு என்று சுவரில் இருக்கும் பெரிய திரையில் பச்சை நிறத்தில் போட்டு, கேக் வெட்டிவிட்டார். நான் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"ஏழாவது மாட்யூல் எங்க சார்?"

"அதுக்குத்தான் ரிப்போர்ட்டே இல்லையே. இல்லாததை எதுக்குங்க வகுக்கணும்?"

அதாவது மச்சான், பரீட்சை எழுதாத பையனுக்குப் பூஜ்யம் போட வேண்டியதில்லை, அவனை வகுப்பிலேயே சேர்க்காமல் விட்டால் வகுப்பு சராசரி நன்றாக இருக்கும். இன்னொரு அக்கிரமத்தையும் கேளுங்கள். அந்த ஆறில் ஒன்று, திரையில் 'வருக' என்று காட்டுகிற மாட்யூல். மொத்தமே பன்னிரண்டு வரி. அதற்கு நூறு சதவீதம். மருந்துக் கணக்கு போடுகிற மாட்யூல் ஒன்பதாயிரம் வரி. அதற்கு அறுபத்திரண்டு. இவர் கணக்கில் இரண்டுக்கும் ஒரே மரியாதை. குழந்தைக்கு மருந்தைத் தப்பாகக் கொடுத்தாலும் பரவாயில்லை, 'வருக' என்று தப்பில்லாமல் சொல்லிவிடுவோம்.

நான் விடவில்லை. சீட்டு அச்சடிக்கும் குழுத் தலைவர் இடையில் புகுந்து, "சராசரி வேணாம்னா ஆறையும் கூட்டிடுங்க" என்றார். கூட்டினார்கள். ஐநூற்று இருபத்தெட்டு சதவீதம் வந்தது. ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "இதை நூத்துக்கு மேல காட்ட முடியாதா?" என்று கேட்டார். நீங்கள் முப்பது வருஷம் நிலம் அளந்தவர், உங்களுக்குப் புரியும். ஆறு பேர் ஆறு பக்கத்திலிருந்து அளந்து, எல்லோரும் ஒரே கிணற்றையே சேர்த்து அளந்திருந்தால், கூட்டினால் ஆறு கிணறு வரும். தண்ணீர் ஒரு கிணற்றுக்குத்தான் இருக்கும்.

கடைசியில் பில்டு பார்க்கும், அதாவது எல்லாக் குழுக்களும் எழுதியதை ஒன்றாகச் சேர்த்து ஓட வைக்கும் பெண்தான் காப்பாற்றினாள். அதிகம் பேசமாட்டாள், காதில் எதையோ மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அவள் சொன்னாள், "சார், கூட்டவும் வேணாம், வகுக்கவும் வேணாம். எல்லா டெஸ்டையும் ஓட்டி, எந்த வரியை யார் மிதிச்சாலும் ஒரே பதிவுல சேர்த்து வச்சுக்கலாம். அப்புறம் ஏழு மாட்யூலையும் அதுக்கு எதிர்ல நிறுத்துவோம். ஒரு வரியை ஒருத்தர் தொட்டாலும் ஒண்ணுதான், ஆறு பேர் தொட்டாலும் ஒண்ணுதான். ஆனா ஒரு விஷயம், பட்டியல்ல பேர் எழுதாத மாட்யூல் ரிப்போர்ட்ல வராது. பூஜ்யமாக்கூட வராது." இந்தக் கடைசி வாக்கியத்தைச் சட்டம் போட்டு அலுவலக வாசலில் மாட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மூன்று நாள் உட்கார்ந்து செய்தாள். மூன்று நாளும் 'சராசரி' அவள் பின்னால் நின்றுகொண்டு, "எண்பத்தெட்டு வந்துடுமில்ல? எண்பத்தெட்டு வந்துடுமில்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார், பிரசவ அறைக்கு வெளியே நிற்பவர் மாதிரி.

நேற்றுப் புதன்கிழமை மதியம், கண்ணாடிச் சுவர் வைத்த மீட்டிங் அறையில் இருபத்திரண்டு பேரும் கூடியிருந்தோம். அவள் பொத்தானை அழுத்தினாள். எண்பத்தெட்டும் வரவில்லை, எட்டும் வரவில்லை. கருவி பாதியில் நின்று, சிவப்பில் ஒரு வரி போட்டது. ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருக்கின்றன, உள்ளே இருப்பது வேறு வேறு, இரண்டையும் நான் சேர்க்க மாட்டேன் என்று. மருந்துக் கணக்கு மாட்யூலிலும் 'ரவுண்டு' என்று ஒரு கோப்பு, சீட்டு அச்சடிக்கும் மாட்யூலிலும் 'ரவுண்டு' என்று ஒரு கோப்பு. அரைத் துளி என்று மருந்தை ஊற்ற முடியாதல்லவா, அதனால் பின்னத்தை முழு எண்ணாக்கும் வேலை அதற்கு. என்றைக்கோ ஒரு குழு இன்னொரு குழுவிடமிருந்து நகல் எடுத்திருக்கிறது, எடுத்துவிட்டுத் திருத்தியிருக்கிறது, சொல்லவில்லை. சாப்பாட்டு மேஜையில்தான் பேசுவதில்லையே. நான் எழுந்து போய் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று மேலே தள்ளுகிறது, இன்னொன்று கீழே வெட்டுகிறது. ஏழரைத் துளி என்று கணக்கு வந்தால், செவிலியர் பார்க்கும் திரையில் எட்டு. பாட்டிலில் ஒட்டிய சீட்டில் ஏழு. அதே குழந்தை, அதே மருந்து.

இந்தத் தனித்தனி ரிப்போர்ட்டுகள் எல்லாம் பச்சையாகச் சிரித்துக்கொண்டிருந்தபோது இந்தத் தப்பு உள்ளே காலை நீட்டிப் படுத்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கப் போனதால்தான் வெளியே வந்தது. நல்ல மனிதன் என்றால் என்ன செய்ய வேண்டும்? "நல்லவேளை" என்று சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போன் செய்ய வேண்டும். 'சராசரி' கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"எட்டும் ஏழும் பதினஞ்சு. ரெண்டால வகுத்தா ஏழரை. அதானேங்க சரியான அளவு? சராசரியா பார்த்தா நம்ம சாஃப்ட்வேர் கரெக்ட்டாத்தானே இருக்கு?"

மச்சான், ஏழரையைக் கூட்டுவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், ஒருவர் கால்குலேட்டரை வைத்து என் கண்ணெதிரில் கூட்டியதை நேற்றுத்தான் பார்த்தேன். உடனே அவர் அந்தப் பெண்ணிடம் திரும்பி, "இந்த ஃபைல்தானே தகராறு பண்ணுது? இதை ரிப்போர்ட்லேர்ந்து தூக்கிடும்மா" என்றார். அவள் தயங்கினாள். "சார், மருந்துக் கணக்கு மாட்யூல்ல ஏற்கெனவே ஒரு விலக்குப் பட்டியல் இருக்கு. அதுல இந்த ஃபைல் பேர் பழசாவே இருக்கு. நான்தான் மொத்த ரிப்போர்ட்டுக்கு எந்த விலக்கும் வேணாம்னு அந்தப் பட்டியலைச் சேர்க்காம விட்டேன்" என்றாள். விலக்குப் பட்டியல் என்பது, இந்த இந்தக் கோப்புகளைக் கவரேஜ் கணக்கில் சேர்க்காதே என்று கருவிக்குச் சொல்லி வைப்பது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அதிகாரபூர்வமான வழி. "அப்புறமென்ன? எல்லா மாட்யூல்லேயும் இருக்கிற பழைய பட்டியலை அப்படியே எடுத்துப் போடு" என்றார். போட்டாள். முந்நூற்றுச் சொச்சம் கோப்புகள் ஒரே நொடியில் காணாமல் போயின. எண்பத்தாறு வந்தது. "இன்னும் கொஞ்சம் தள்ளும்மா" என்றார், பேருந்தில் இடம் கேட்பது போல. எண்பத்தெட்டு வந்தது. பச்சை ஆகிவிட்டது. இருபது பேர் கைதட்டினார்கள். அவர் படிவத்தையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கிறது. நான் மேஜையைத் தட்டினேன். தட்டியதில் தண்ணீர்க் குவளை சாய்ந்து அவர் மடிக்கணினியில் கொட்டியது. அது வேண்டுமென்று செய்ததல்ல, ஆனால் வருத்தமும் இல்லை. கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை மட்டும் மற்ற இருபத்தொரு பேரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள்.

"திரையைப் பார்த்து ஊத்தினா எட்டு, சீட்டைப் பார்த்து ஊத்தினா ஏழு! ஏழரை எந்தக் குழந்தைக்கு சார் போகும்? உங்க சராசரிக்கா மருந்து ஊத்தப் போறாங்க? முதல்ல இந்த ஃபைலை விலக்குப் பட்டியல்ல போட்டவன் எவன்னு சொல்லுங்க! எந்தச் சோம்பேறி, எந்தப் பொறுப்பு கெட்டவன் போட்டான்? அவன் கையை உடைச்சு அடுப்புல வைக்கணும்! அவனுக்கெல்லாம் யார் சம்பளம் கொடுக்கிறது?"

கண்ணாடிச் சுவருக்கு வெளியே நடந்து போனவர்கள் நின்றுவிட்டார்கள். பணியாளர் பிரிவு அம்மாள் ஓடி வந்து, "நீங்க ரெண்டு நாள் வீட்ல ரெஸ்ட் எடுங்க சார், வெள்ளிக்கிழமை கையெழுத்துக்கு வந்தா போதும்" என்று தேன் ஒழுகச் சொன்னார். வந்து போடு அல்லது போய்த் தொலை என்பதுதான் அதன் தமிழ்.

இன்று வியாழக்கிழமை. அலுவலகத்தில் கூரை ஒழுகுகிறது, அதனால் விடுமுறை என்று உங்கள் தங்கையிடம் சொல்லியிருக்கிறேன். "வெளியில வெயில் மண்டையைப் பிளக்குது, உங்க ஆபீஸ் கூரை மட்டும் எப்படி ஒழுகுது?" என்று கேட்டாள். ஏசித் தண்ணீர் என்றேன். அவள் ஏணியைக் கொண்டுவந்து போட்டு, சமையலறைப் புகைபோக்கி விசிறியைக் கழற்றித் துடைக்கச் சொன்னாள். மூன்று வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு. துடைத்துக்கொண்டே யோசித்தேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இந்த வயதில் வெளியே போனால் யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள் என்று தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லவில்லை. ஆனாலும் போட மாட்டேன். எழுதியவன் எவனோ, மறைத்தவன் எவனோ, தெரிந்த பிறகும் கையெழுத்துப் போட்டவன் நான் என்று ஆகக் கூடாது. இந்த அலுவலகத்தில் மனசாட்சி என்று ஒன்று ஒருவனுக்காவது இருந்தது என்று பதிவாகட்டும். இதை உங்கள் தங்கையிடம் சொல்லும்போது 'மனசாட்சி' என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் எல்லோரும், சராசரியாக அல்ல, தனித்தனியாகவும் மொத்தமாகவும் ஆரோக்கியமாக இருக்க வேண்டுகிறேன். அக்காவுக்கு என் வணக்கம். பெரியவளுக்கும் சின்னவனுக்கும் ஆசிகள்; சின்னவன் சாஃப்ட்வேர் படிக்கப் போவதாகச் சொன்னால் காலை உடைத்து வீட்டில் உட்கார வையுங்கள்.

இப்படிக்கு,
ஏணியிலிருந்து இப்போதுதான் இறங்கிய
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் பில்டு பார்க்கும் பெண் போன் செய்தாள். "சார், நேத்து கேட்டீங்கல்ல, அந்த ஃபைலை விலக்குப் பட்டியல்ல போட்டது யாருன்னு. பழைய பதிவெல்லாம் தோண்டிப் பார்த்தேன். சொல்லட்டுமா?" என்றாள். "சொல்லும்மா, அந்தப் புண்ணியவான் பேரைக் கேட்டுட்டுத்தான் நான் வேலையை விடணும்" என்றேன். "நீங்கதான் சார்" என்றாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து நாற்பதுக்கு. பக்கத்தில் என் குறிப்பும் இருக்கிறதாம், வாசித்துக் காட்டினாள்: 'அவசரம். திங்கட்கிழமை டெஸ்ட் எழுதி இதை எடுத்துவிடுவேன்.' எந்தத் திங்கட்கிழமை என்று நான் எழுதவில்லை. அன்று என்ன அவசரம் என்று தேதியை வைத்துப் பார்த்தேன். நீங்கள் வீடு மாறிய நாள், மச்சான். "பீரோ தூக்க ஆளில்லை, ஆறு மணிக்குள்ள வந்து சேருங்க" என்று நீங்கள் நான்கு முறை போன் செய்தீர்கள். கவரேஜ் ஒரு சதவீதம் குறைந்து பில்டு சிவப்பாக நின்றது. ஒரே ஒரு கோப்பின் பெயரைப் பட்டியலில் எழுதினேன், பச்சையாகிவிட்டது, ஓடி வந்துவிட்டேன். ஆகவே இதில் உங்கள் பீரோவுக்கும் பங்குண்டு. ஆனால் எழுதிய கை என்னுடையது. அடுப்பில் வைக்க வேண்டிய கை.

உடனே 'சராசரி'க்குப் போன் செய்து சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், அவருக்கு ஒரே சந்தோஷம். "அப்படியா! அன்னைக்கு நீங்க மறைச்சீங்க, நேத்து நான் மறைச்சேன். தப்பு ஆளுக்குப் பாதி. சராசரியா பார்த்தா யார் மேலயும் பெரிசா ஒண்ணுமில்லீங்க, விட்டுடலாம்" என்றார். நான் கத்தவில்லை. "இல்ல சார். அந்த வரி முழுசும் என்னுது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பிறகு மருத்துவமனையின் தலைமை மருந்தாளர் அம்மாளுக்கு நானே போன் செய்து எட்டு, ஏழு, பட்டியல், என் பெயர் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மாள் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "திங்கட்கிழமை வேணாம், நிறுத்தி வைங்க" என்றார். பிறகு, "எண்பத்தெட்டு, தொண்ணூறு எல்லாம் எனக்கு இனிமே வேண்டாம் சார். நீங்க யாரும் பார்க்காத வரி எது எதுன்னு மட்டும் எழுதி அனுப்புங்க. நீங்களே எழுதுங்க" என்றார்.

ராஜினாமாக் கடிதம் மூன்றாவது சட்டைக்கு அடியிலேயே இருக்கட்டும். அது வேண்டுமா வேண்டாமா என்பதைக் கம்பெனி தீர்மானிக்கும். உங்கள் தங்கையிடம் நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், நானே சொல்லிவிட்டேன். மனசாட்சி என்ற சொல்லை அழுத்தவில்லை. அவளும் திட்டாமல் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து இடம் போட்டுக் கொடுத்திருக்கிறாள். பில்டு பார்க்கும் பெண் அனுப்பிய பட்டியலை வைத்து அந்த முந்நூற்றுச் சொச்சம் கோப்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். யார் சேர்த்தது என்று பக்கத்தில் ஒரு கட்டமும் போட்டிருக்கிறேன், மற்றவர்களைக் கிழிக்கலாம் என்ற எண்ணத்தில். இதுவரை அறுபது ஆகியிருக்கிறது, மச்சான். அதில் பதினேழில் என் பெயர்.